கட்டணத் தாளை ஒவ்வொரு வரியாகப் பிரியுங்கள்

கடன் வாங்காமல் மகளைப் படிக்க வைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் நீங்கள் எழுதி அனுப்பியிருப்பது நான்கு வருடத்துக்கும் சேர்த்த ஒரே தொகை. அதைப் பார்த்தால் யாருக்கும் தூக்கம் வராது. முதலில் அதைப் பிரியுங்கள்: கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, புத்தகம், கடைசியில் திரும்பக் கிடைக்கிற வைப்புத்தொகை.

சென்ற வருடம் என் எதிரே உட்கார்ந்து ஒரு அப்பா இப்படிப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விடுதியும் சாப்பாடும் கல்விக் கட்டணத்தைத் தாண்டியிருந்தன. "நான் ஃபீஸை நினைச்சுத்தானே சார் பயந்தேன்" என்றார். பையன் முதல் இரண்டு வருடம் வீட்டிலிருந்தே போய் வரும் சிறிய கல்லூரியில் படிப்பது, அப்புறம் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறுவது என்று முடிவாயிற்று. அமெரிக்காவில், இரண்டு வருடப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகள் வழியாக ஏராளமானோர் இப்படித்தான் பட்டம் வாங்குகிறார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எந்தெந்தப் பாடங்களின் கிரெடிட்டை, அதாவது பாடத்தை முடித்ததற்குக் கிடைக்கும் மதிப்பலகை, ஏற்பார்கள் என்று மாறப்போகும் இடத்தில் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் படித்ததையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்த பணம் அதிலேயே கரைந்துவிடும்.

உதவித்தொகைக்கு எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள். கேட்க வேண்டியதைத்தான் கேட்பதில்லை. இந்தத் தொகை முதல் வருடத்துக்கு மட்டுமா, படிப்பு முடியும் வரையா? தொடர்ந்து கிடைக்க எத்தனை மதிப்பெண் வேண்டும்? ஒரு பருவம் சறுக்கினால் இன்னொரு வாய்ப்பு தருவார்களா? முதல் வருடம் நன்றாக வந்த உதவி இரண்டாம் வருடம் நின்றுபோய், நடுவழியில் கடனுக்கு அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. வெளி அமைப்பிலிருந்து உதவித்தொகை வந்தால், சில கல்லூரிகள் தாங்கள் தருவதாகச் சொன்ன உதவியை அந்த அளவுக்குக் குறைத்துவிடும். ஓடியாடி வாங்கியும் கைக்குக் கூடுதலாக ஒன்றும் வராது. இதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள். கூடவே, குடும்ப வருமானம் குறைந்திருந்தால் அதற்கான காகிதங்களோடு உதவியை மறுபரிசீலனை செய்யச் சொல்லியும் கேட்கலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு இது தினப்படி வேலை.

படித்துக்கொண்டே சம்பாதிப்பதிலும் தரம் பார்க்க வேண்டும். விடுதியில் மாணவர் பொறுப்பாளராக இருந்தால் பல பல்கலைக்கழகங்கள் தங்குமிடத்தை இலவசமாகத் தருகின்றன. கட்டணத் தாளில் விடுதி என்ற பெரிய வரியையே அடித்துவிடலாம் என்பதால், இரவெல்லாம் கடையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். அமெரிக்காவின் கென்டக்கியில் இருக்கும் பெரியா கல்லூரி 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. ஆனால் அங்கே படிக்கும் எல்லோரும் கல்லூரியில் வேலை செய்தாக வேண்டும். பிரிட்டனில் 2015-இல் தொடங்கிய, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பட்டத் தொழிற்பயிற்சியில் மாணவருக்குச் சம்பளமும் உண்டு, பட்டமும் உண்டு, கட்டணம் அவர் தலையில் விழாது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் பொதுவாக, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதை விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும். 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

உங்கள் அலுவலகத்திலும் விசாரியுங்கள். ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் ஊழியரின் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை தருகின்றன. அதற்காகவே பல்கலைக்கழக வேலைக்கு மாறிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

ஓய்வுக்காலச் சேமிப்பை உடைப்பது பற்றியும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். இணையத்தில் நிதி திரட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முதல் வருடம் கொடுக்கிறவர்கள் மூன்றாம் வருடம் இருக்க மாட்டார்கள்.

சரி, அடுத்த முறை வரும்போது கட்டணத் தாளையும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாதா மாதம் எவ்வளவு முடியும் என்று நீங்கள் சொல்வதை அவளும் பக்கத்திலிருந்து கேட்கட்டும். கல்லூரிப் பட்டியலை அதற்கப்புறம் மூவருமாகத் திருத்துவோம்.