எளிமையும் சிக்கலும் பற்றிய என் கலைப்படைப்பை எங்கள் ஊர் மக்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

தம்பி, கல்லூரி இறுதியாண்டுப் படைப்பை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் வெள்ளைத் துணியில் ஒரே ஒரு சாய்கோடு, எதிர்ச்சுவர் முழுக்க ஆணிகளைச் சுற்றிப் பின்னிய நூல். வருகிறவர்கள் "இதுல என்ன இருக்கு?" என்று போய்விடுவார்களோ என்பது உங்கள் கவலை.

நானும் இந்த ஊர்தான். பள்ளியில் காட்சிக்கலை சொல்லித் தருகிறேன். அர்த்தத்தை நீங்கள் சொல்ல வேண்டாம் என்பேன். எதை வைத்து, எந்த விதிப்படி செய்தீர்கள் என்று மட்டும் ஓர் அட்டையில் இரண்டு வரியாக எழுதி வையுங்கள்.

1974இல் மலேசிய ஓவியர்கள் ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் மலாய் மொழி நிறுவனமான டேவான் பகாசாவில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் ஒரு காலிக் கூண்டு. 1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46க்குப் பறவையைத் திறந்துவிட்ட பிறகு காலியான கூண்டு என்பதுதான் அதன் தலைப்பு. தத்துவ விளக்கம் எதுவும் அந்தத் தலைப்பில் இல்லை. ஆனால் படித்ததும் நம் கண் அந்தப் பறவையைத் தேடுகிறது. உங்கள் அட்டையும் அப்படி இருக்கட்டும்.

இனி அந்தக் கோடு. அது இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகிறதா? இறங்கினால், பால்மரம் வெட்டிய கைகள், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்த கைகள், அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஓடுவதில்லை, லேசாகச் சாய்ந்து ஓடுகின்றன. அவற்றில் நிறைய அறுபடத்தான் வெட்டு அந்தப் பக்கமாக, ஏறக்குறைய 30 பாகை சரிவில் இறங்குகிறது. ஒரு வெட்டில் சீவுவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டைதான். மேலாகப் போனால் மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அங்கே மறுபடி ஒழுங்காகக் கத்தி ஓடாது. இதையெல்லாம் விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் செய்தவர்கள்தான் உங்கள் பார்வையாளர்கள். ஒரு கோட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோடு மறுபக்கமாக இறங்கினால் அதைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும், பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

நூல்சுவருக்கு விதியை மட்டும் எழுதுங்கள்: ஒரே நூலா, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. சிக்குக்கோலம் போட்ட பெண்கள் விரலாலேயே அதைத் தொடர்ந்து பார்ப்பார்கள். சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி குழுவினர் கோலங்களைச் சில எளிய விதிகளாகக் கணினி இலக்கணத்தில் எழுதிக் காட்டியதும் 1970களில்தான். சிக்கலாகத் தெரிவது சின்ன விதியிலிருந்து பிறக்கலாம் என்பதை நூலே காட்டிவிடும்.

ஒரு நண்பரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் விளக்கம் சொல்லக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும்: "இங்க என்ன நடக்குதுன்னு நினைக்கிறீங்க? எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?" அமெரிக்க அருங்காட்சியகங்களில் கலைக்கல்வியாளர் பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் வளர்த்த முறை இது. இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதுதான் ஆளை மறுபடி படைப்பின் பக்கம் திருப்பும்.

அட்டை தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். நாற்காலிகளும் போடுங்கள். பாட்டிமார் உட்கார்ந்தால்தான் நிதானமாகப் பேசுவார்கள்.