நாம் பிறப்பதற்கு முந்தைய காலத்துப் பாடல்களில் நல்லவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது?

கேள்வி இது: "எண்பதுகளுக்குப் பிறகு வந்த பாடல்களோடு வளர்ந்தேன். ஐம்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் கேட்கத் தகுந்தவை ஏராளம் என்கிறார்கள். 'சிறந்த பழைய பாடல்கள்' தொகுப்புகளைக் கேட்டால் எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. எங்கே தொடங்குவது?"

தொகுப்புகளை விட்டுவிடுங்கள். ஓர் இசையமைப்பாளரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போங்கள். என் பதில் இவ்வளவுதான், ஏன் என்று சொல்கிறேன்.

ஐம்பதுகளிலிருந்து இன்று நம் காதுக்குத் தானாக வந்து சேரும் பாடல்கள் பல சல்லடைகளைத் தாண்டி வந்தவை. 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்கு ஏறக்குறைய இடமே இல்லாமல் போனது. கேட்பவர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். 1957-இல் அகில இந்திய வானொலியே விவித் பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அப்புறம் தொலைக்காட்சி வந்தது. பெரிய நடிகர் நடித்த காட்சியா, படச்சுருள் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு பாட்டின் ஆயுளைத் தீர்மானித்தன. கடைசியில் மேடைக் கச்சேரிகளில் திரும்பத் திரும்பப் பாடப்பட்டவை மட்டும் 'சிறந்தவை' என்று நிலைத்துவிட்டன. அவை நல்ல பாடல்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அவற்றை மட்டும் கேட்டு ஒரு காலத்தின் இசையை அறிந்துகொள்ள முடியாது. பத்துப் பேர் பத்து விதமாக அமைத்த மெட்டுகள் கலந்து வருவதால், எதற்கும் எதற்கும் என்ன உறவு என்பதும் புரியாது. உங்களுக்கு எல்லாம் ஒன்று போல ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஐம்பதுகளுக்கு நான் சொல்லும் ஆள் ஜி. ராமநாதன். நாற்பதுகளிலேயே 'ஹரிதாஸ்' (1944) படத்தில் பாபநாசம் சிவனோடு சேர்ந்து பணியாற்றியவர், 1963-இல் மறைந்தார். 'ஹரிதாஸ்' படத்தில் தியாகராஜ பாகவதர் பாடிய 'மன்மத லீலையை' சாருகேசி ராகம். அதே சாருகேசியில் 1958-இல் 'சாரங்கதரா' படத்துக்காக 'வசந்த முல்லை போலே' அமைத்தார், பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பதினான்கு ஆண்டுகளில் தமிழ்த் திரைப்பாடல் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது யாரும் விளக்காமலே தெரியும். முதலாவதில் மேடைக் கச்சேரியின் தோரணை அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் ராகம் அதேதான், ஆனால் வரிகள் சிறிதாகி, தாளம் உடம்பை அசைக்கத் தொடங்கிவிட்டது.

அடுத்து அவருடைய ஒரே படத்தை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். 'உத்தமபுத்திரன்' (1958) போதும். அதில் பி. லீலா பாடும் 'காத்திருப்பான் கமலக்கண்ணன்' சாஸ்திரிய நடனத்துக்கான பாட்டு. 'முல்லை மலர் மேலே' மென்மையான காதல் பாட்டு. 'யாரடி நீ மோகினி' அப்போது உலகமே ஆடிக்கொண்டிருந்த ராக் அண்ட் ரோல் சாயலில் வரும். மூன்றும் ஒரே மனிதர், ஒரே படம். கர்நாடக இசை என்றாலே ஜி. ராமநாதன் என்று சுருக்கிச் சொல்கிறவர்கள் இந்த மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான்: ராகத்தில் ஊறியவர், ஆனால் வேறு எதையும் தீண்டத்தகாததாக நினைக்கவில்லை. முந்தைய ஆண்டு வந்த 'அம்பிகாபதி'யில் 'வாடா மலரே தமிழ்த் தேனே' என்று முகாரியில் ஒரு காதல் பாட்டு இருக்கிறது. முகாரி என்றாலே அழுகை என்று பழகிவிட்ட காதுக்கு அது ஒரு பெரிய திறப்பு.

ஒரு படத்தின் எல்லாப் பாடல்களையும் கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்தக் காலப் படங்களில் பத்துப் பன்னிரண்டு பாடல்கள் சாதாரணம். நகைச்சுவைப் பாட்டு, கூட்டுப் பாட்டு, தெருக்கூத்து மாதிரி ஒன்று, நாட்டிய நாடகம் ஒன்று என்று இருக்கும். தொகுப்புகளில் இவை வரவே வராது. ஆனால் இசையமைப்பாளர் விளையாடிப் பார்த்த இடங்கள் பெரும்பாலும் இவைதான். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்த 'மரகதம்' (1959) படத்தில் சந்திரபாபுவும் ஜமுனா ராணியும் பாடும் 'குங்குமப் பூவே கொஞ்சும் புறாவே' நகைச்சுவை நடிகருக்கான பாட்டுதான். இன்று அந்தப் படத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாட்டு தெரியும்.

இனி காது பழகும் விஷயம். பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அப்போது பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடித்தான் பதிவு நடந்தது. யாராவது தவறினால் முதலிலிருந்து வரவேண்டும். இன்றைய பாட்டில் இருக்கும் ஆழமான அடிநாதம் அதில் இருக்காது, குரல் முன்னால் நிற்கும், வாத்தியங்கள் பின்னால் போய்விடும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். அதனால் பல பாடல்கள் இசைத்தட்டில் ஒரு மாதிரியும் படத்தில் கூடுதல் சரணங்களோடு இன்னொரு மாதிரியும் இருக்கும். ஒரு பாட்டு சட்டென்று முடிந்துவிட்டது போலத் தோன்றினால் படத்தில் தேடிப் பாருங்கள், மிச்சம் அங்கே கிடைக்கலாம். இணையத்தில் ஒரே பாட்டுக்குப் பல பிரதிகள் இருக்கும். சிலவற்றில் வேகம் கூடி, ஸ்ருதியே ஏறியிருக்கும். சிலவற்றில் 'மெருகேற்றுகிறோம்' என்று எதிரொலியும் புதுத் தாளமும் சேர்த்திருப்பார்கள். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கொஞ்சம் கரகரப்பு இருந்தாலும் பழைய இசைத்தட்டிலிருந்து நேராக எடுத்த பிரதிதான் மேல்.

குரல்களுக்கும் அவகாசம் கொடுங்கள். சி.எஸ். ஜெயராமன் குரல் முதல் முறை கேட்பவருக்குக் கனமாகவும் மூக்கில் பாடுவது போலவும் தோன்றலாம். 'பராசக்தி'யில் (1952) 'கா கா கா' பாடியவர் அவர்தான். கே.வி. மகாதேவன் இசையில் 'சம்பூர்ண ராமாயணம்' (1958) படத்தில் ராவணனுக்காக அவர் பாடுவதைக் கேளுங்கள். காலைக்கு எந்த ராகம், உச்சிப்பொழுதுக்கு எந்த ராகம் என்று கேட்கக் கேட்க, ராவணன் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டும் இடம் அது. அந்தக் குரலில் உள்ள கம்பீரம் பிடிபட்டுவிட்டால், 'பாவை விளக்கு' (1960) படத்தின் 'காவியமா நெஞ்சின் ஓவியமா' வேறு யார் குரலிலும் நினைத்துப் பார்க்க முடியாததாகிவிடும். முதல் கேட்பில் எரிச்சல் தந்த குரலை ஒதுக்கிவிடாமல் சில நாள் கழித்து மறுபடி கேட்பது நல்லது. முதல் கேட்பிலேயே பிடித்துப்போகும் குரல்களும் உண்டு. ஏ.எம். ராஜா அப்படிப்பட்டவர். 'மிஸ்ஸியம்மா'வில் (1955) லீலாவோடு அவர் பாடும் 'வாராயோ வெண்ணிலாவே' கேட்க எந்தப் பயிற்சியும் வேண்டாம். எஸ். ராஜேஸ்வர ராவ் இசை. படம் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது என்பதால் தெலுங்குப் பதிப்பையும் கேட்டு, ஒரே மெட்டில் இரு மொழிகள் எப்படி உட்காருகின்றன என்று பார்க்கலாம்.

அந்த ராஜாவே இசையமைப்பாளராக நின்ற 'கல்யாணப் பரிசு' (1959) தனியாகச் சொல்லத் தகுந்தது. பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அதே ஆண்டில், முப்பதைத் தொடும் முன்பே அவர் இறந்துபோனார். 'வாடிக்கை மறந்ததும் ஏனோ' பாட்டில் வரிகள் பேச்சு போலவே வருகின்றன, மெட்டு அந்தப் பேச்சை எங்கேயும் முறிக்கவில்லை. கடினமான வார்த்தை ஒன்றும் கிடையாது. அறுபதுகளின் மெல்லிசைக்கான பாதை இங்கே போடப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

பாடலாசிரியரைப் பின்தொடர்வது இரண்டாவது வழி. மருதகாசி, உடுமலை நாராயணகவி, தஞ்சை ராமையாதாஸ், கு.மா. பாலசுப்பிரமணியம் என்று ஒவ்வொருவரும் ஒரு தனி வாசல். 'வண்ணக்கிளி' (1959) மருதகாசிக்கு நல்ல தொடக்கம்.

தகவல் வேண்டுமென்றால் புத்தகங்கள் இருக்கின்றன. பிலிம் நியூஸ் ஆனந்தனின் தமிழ்த் திரைப்பட வரலாறு ஆண்டுவாரியாகப் படங்களைத் தருகிறது. வாமனனின் 'திரை இசை அலைகள்' கலைஞர்களைப் பற்றியது. இணையத்தில் பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் தாறுமாறாக மாறிக் கிடக்கின்றன. சந்தேகம் வந்தால் படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலையோ இசைத்தட்டின் லேபிளையோ பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். 'எது நல்ல பாட்டு' என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த பாட்டைத்தான் சொல்வார்கள். 'வேலை செய்யும்போது வாய் தானாக முணுமுணுக்கும் பாட்டு எது' என்று கேட்டால் எந்தத் தொகுப்பிலும் இல்லாத ஒன்று வரும்.

எல்லாமே பொக்கிஷம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பத்தாண்டிலும் இந்தி மெட்டுகளை அப்படியே எடுத்துத் தமிழ் வார்த்தைகளை அடைத்த பாடல்கள் நிறைய. சிலவற்றில் தமிழ் நசுங்கிப்போயிருக்கும். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் கடந்து போங்கள்.

ராமநாதனில் ஐந்தாறு படங்கள் கேட்டு முடித்ததும் கே.வி. மகாதேவனிடம் வாருங்கள்: 'டவுன் பஸ்', 'முதலாளி', அப்புறம் 'வண்ணக்கிளி'. அதன் பிறகு விஸ்வநாதன்–ராமமூர்த்தி. அவர்களைக் கேட்கும் முன் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள்தான் இந்த இருவரும். 1952-இல் அவர் இளம் வயதிலேயே இறந்தபோது, 'தேவதாஸ்' உள்ளிட்ட அவருடைய மிச்ச வேலைகளை இவர்கள்தான் முடித்துக் கொடுத்தார்கள்.