பட்டனை அழுத்தினாலும் படிவம் வரவில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் தேனீ வளர்ப்போர் குழுவுக்காக ஓர் உறுப்பினர் படிவத்தை அக்ரோபாட்டில் பிடிஎஃப்பாகத் தயாரித்தேன். பெயர், ஊர், பெட்டிகளின் எண்ணிக்கை, பெட்டி வைத்திருக்கும் தோட்டம் என்று 12 கட்டங்கள். அடியில் ‘மெயிலில் அனுப்பு’ என்று ஒரு பட்டன். என் கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், போனில் திறந்தவர்கள் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள். குழித்துறையில் பிரவுசிங் சென்டருக்குப் போய் நிரப்பிய இரண்டு பேருக்கு, மெயில் செயலி இல்லை என்று செய்தி வந்திருக்கிறது. எனக்கு வந்து சேர்ந்தது நான்கே மெயில். அந்த இணைப்புகளையும் போனில் திறக்க முடியவில்லை. பெயர் ‘எஃப்டிஎஃப்’ என்று முடிகிறது. ரப்பர் தளிர் விட்டுத் தேன் வரத்து தொடங்குவதற்குள் கணக்கெடுத்தாக வேண்டும். பட்டனில் என்ன தப்பு செய்தேன்?

எம்., மார்த்தாண்டம்

அன்புள்ள எம்.,

நீங்கள் எழுதிய மூன்று கோளாறுகளில் ஒன்றுதான் பட்டனுடையது. பிடிஎஃப்புக்குத் தானாக மெயில் அனுப்பும் சக்தி கிடையாது. பட்டனை அழுத்தியதும் அது பிடிஎஃப் திறந்திருக்கும் செயலியிடம், அதாவது அக்ரோபாட் ரீடரிடம், சொல்கிறது. அந்தச் செயலி கம்ப்யூட்டரில் உள்ள மெயில் செயலியிடம் படிவத்தைக் கொடுக்கிறது. மெயில் செயலிதான் அனுப்புகிறது. எந்தக் கையில் தவறியது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வந்து சேர்ந்த நான்கையும் காப்பாற்றுவோம். அவர்களை மறுபடி நிரப்பச் சொல்ல வேண்டாம். எஃப்டிஎஃப்பில் படிவம் இருக்காது, கட்டங்களில் அடித்த விவரம் மட்டும் இருக்கும். அதனால்தான் போனில் திறக்கவில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் மூலப் படிவத்தின் நகலை அக்ரோபாட்டில் திறந்து, ‘ப்ரிப்பேர் ஃபார்ம்’ பகுதியின் ‘மோர்’ மெனுவில் ‘இம்போர்ட் டேட்டா’ கொடுத்து அந்த ஃபைலைக் காட்டுங்கள். கட்டங்கள் நிரம்பிவிடும். வேறு பெயரில் சேமித்துக்கொண்டு அடுத்ததற்குப் புது நகலை எடுங்கள். விவரம் மட்டும் எக்செல்லில் போதுமென்றால், அதே மெனுவில் ‘மெர்ஜ் டேட்டா ஃபைல்ஸ் இன்டு ஸ்ப்ரெட்ஷீட்’ நான்கையும் ஒரே அட்டவணையாக்கித் தரும்.

இனி பட்டன். படிவத்தைத் திருத்தும் நிலையில் அதன் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதிக்குப் போங்கள். ‘மவுஸ் அப்’ என்பதன் கீழே ‘சப்மிட் எ ஃபார்ம்’ இருக்கும்; அதைத் தேர்ந்து ‘எடிட்’ கொடுங்கள். ‘எக்ஸ்போர்ட் ஃபார்மட்’டில் உங்களுக்கு எஃப்டிஎஃப் குறித்திருக்கும். அதை மாற்றி ‘பிடிஎஃப், முழு ஆவணம்’ என்று பொருள்படும் வரியைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள முகவரிக் கட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘மெயில்டு’ (mailto) என்ற ஆங்கிலச் சொல், உடனே முக்காற்புள்ளி, உடனே உங்கள் மெயில் முகவரி. நடுவில் ஓர் இடைவெளிகூடக் கூடாது. இணையதள முகவரிக்குப் போடுகிற இரட்டைச் சாய்கோடும் இங்கே வராது. தலைப்பும் சேர்க்க விரும்பினால், முகவரியை ஒட்டி கேள்விக்குறி, ‘சப்ஜெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, பிறகு தலைப்பு. தலைப்பில் இடைவெளி வரும் இடமெல்லாம் %20 என்று எழுதுங்கள்.

கட்டங்களின் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியிலும் ஒரு வலை இருக்கிறது. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று குறித்த கட்டம் ஒன்று காலியாக இருந்தாலும் ‘சப்மிட்’ நின்றுவிடும். காலியான கட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது. படிவத்தைத் திருத்தும்போது மறைத்து வைத்த பழைய கட்டத்தில் ‘ரிக்வயர்ட்’ டிக் மிச்சமிருந்தால், நிரப்புகிறவர் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு எதை விட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பார். வலப்பக்கக் கட்டப் பட்டியலில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 12 கட்டம் என்கிறீர்கள். பட்டியலில் பட்டனும் ஒரு வரியாக நிற்கும் என்பதால் 13 இருக்கலாம். 14 இருந்தால் அந்த மிகைக் கட்டம்தான் ஆள்.

பிரவுசிங் சென்டரில் நடந்தது மூன்றாவது கை இல்லாத கதை. ரீடர் சரியாக வேலை செய்தது. வாங்கி அனுப்ப அங்கே மெயில் செயலிதான் இல்லை. எல்லாரும் ஜிமெயிலை பிரவுசரில் பார்க்கிறவர்கள், பிரவுசரோ ரீடர் தருகிற இணைப்பை வாங்காது. விண்டோஸோடு வந்த பழைய ‘மெயில்’ செயலிக்கும் 2024 டிசம்பர் 31-ஓடு ஆதரவு நின்றுவிட்டது. உறுப்பினரின் சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியை நிறுவிக் கணக்கைச் சேர்த்து, அதை இயல்பு மெயில் செயலியாக வைத்தால் போதும். அனுப்பியதாகச் சொல்லியும் வராவிட்டால் ‘அவுட்பாக்ஸ்’ பார்க்கச் சொல்லுங்கள். ரீடர் மெயில் செயலியிடம் கொடுப்பதோடு சரி, அங்கே ‘சென்ட்’ அழுத்துவது பலருக்கு மறந்துபோகும்.

ரீடரின் ‘ப்ரிஃபரன்சஸ்’ உள்ளே ‘இமெயில் அக்கவுன்ட்ஸ்’ என்ற பகுதியில் ஜிமெயிலையே நேராகச் சேர்க்கவும் முடியும். பொதுக் கம்ப்யூட்டரில் அதை யாரும் செய்ய வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அந்தக் கணக்கு அங்கேயே தங்கிவிட்டால் அடுத்து வந்து உட்காருகிறவர் கைக்குப் போகும். உங்கள் படிவத்தில் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ கேட்டிருந்தால் அந்தக் கட்டங்களை எடுத்துவிடுங்கள். பெட்டிக் கணக்கெடுக்க அவை தேவையில்லை, மெயிலில் திரிய வேண்டிய விவரமும் இல்லை.

சொந்தக் கம்ப்யூட்டரில் ரீடர் வைத்திருந்தும் பட்டன் அசையவில்லை என்றால், மேலே மஞ்சள் பட்டை வந்திருக்கிறதா என்று கேளுங்கள். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த ஃபைலை ரீடர் பாதுகாப்பு நிலையில் திறந்திருக்கலாம். ‘எனேபிள் ஆல் ஃபீச்சர்ஸ்’ அழுத்தும் வரை பட்டன் வேலை செய்யாது. ஃபைலை இருமுறை சொடுக்கினால் பலருக்கு குரோமில்தான் திறக்கும். பூர்த்தி செய்த படிவத்தை மெயிலில் சேர்த்துக் கொடுக்கும் வேலை பிரவுசரில் நடக்காது. வலப்பக்கச் சொடுக்கு, ‘ஓப்பன் வித்’, அக்ரோபாட் ரீடர்.

போனுக்கு வருவோம். உங்கள் ஆட்களில் பெரும்பாலோர் போன்காரர்கள் என்பதால் இதுதான் முக்கியம். போனில் இந்தப் பட்டனை நம்பாதீர்கள், சரி செய்யவும் நேரம் செலவழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பே காட்டும் முன்தோற்றத்தில் கட்டம்கூட நிரம்பாது. அக்ரோபாட் ரீடர் செயலியில் திறந்து, நிரப்பி, சேமித்து, ‘ஷேர்’ மூலம் ஜிமெயிலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பச் சொல்லுங்கள். இதைப் படிவத்திலேயே பட்டனுக்கு மேலே இரண்டு வரியில் அச்சிட்டு, உங்கள் மெயில் முகவரியையும் எழுத்தாகவே போட்டுவிடுங்கள். கையெழுத்தும் அச்சுப் பிரதியும் தேவையில்லை, எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் கூகுள் ஃபார்ம்தான் உங்களுக்குப் பொருத்தம். பிடிஎஃப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

தமிழில் நிரப்புவார்கள் என்பதால் ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கட்டம் அமைத்திருந்தால், திரையில் தமிழாகத் தெரிவது எக்செல்லுக்கு வரும்போது வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டமாகிவிடும், ஏனென்றால் எழுத்துரு கூட வராது, குறியீடு மட்டும்தான் வரும். யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஊர்க் கட்டத்தில் ‘கொட்டாரம்’ என்று அடித்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, கொம்பும் காலும் ககரத்துக்கு இரு பக்கமும் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஊரையாவது தேர்வுப் பட்டியலாக வைத்து, ஆங்கில எழுத்தில் கொடுத்துவிடுவது மேல்.

முழு பிடிஎஃப்பாக வரத் தொடங்கினால் எல்லாம் ஒரே ஃபைல் பெயரில் வரும். ஒரே ஃபோல்டரில் இறக்கினால் எது யாருடையது என்று குழம்பும். அனுப்பும் முன் ஊரும் பெயரும் சேர்த்து வேறு பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள், அல்லது இறக்கும்போதே நீங்கள் பெயர் மாற்றிவிடுங்கள். எல்லாருக்கும் விடுவதற்கு முன்னால் ஒரு போன், ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர், அந்தக் குழித்துறை பிரவுசிங் சென்டர், மூன்றிலிருந்தும் ஒவ்வொரு படிவம் உங்களுக்கு வந்து, திறந்து, எண்ணிக்கை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.