பத்திரிகைப் படிப்புக்கு ஏழரை லட்சம் கடன்: மகளின் சம்பளம் தாங்குமா?

கேள்வி: வீரவநல்லூரில் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 18,000. மனைவி பீடி சுற்றுகிறாள். கன்னடியன் கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை உண்டு. பிளஸ் டூ முடித்த மகள் இதழியல்தான் படிப்பேன் என்கிறாள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடத்துக்கு, விடுதியும் சேர்த்து, 7.5 லட்சம் ஆகும். முடித்ததும் 30,000 சம்பளம் என்கிறார்கள். நாளிதழில் சேர்ந்த என் மைத்துனர் பையனுக்கு 16,000தான். வயலை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா? மாதம் 3,000 மிச்சம் பிடிக்க முடியும்.

பதில்: முதலில் வயல். 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. நடுவில் யாராவது பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னால் கொடுக்காதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் ஸ்கோரும் அடிபடும், நாளைக்கு நகைக்கடன் தவிர வேறு எதற்கும் வங்கிப் படியேற யோசிக்க வேண்டியிருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 2.5 லட்சமாக மூன்று முறை பணம் வருகிறது, வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று வருடம், அதன்பின் ஒரு வருடம் தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும் நாளில் கடன் 9.86 லட்சமாகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 13,300. பதினைந்து வருடம் என்றால் 10,900. ஆனால் மொத்தம் கட்டுவது 19.6 லட்சம்.

இப்போது உங்கள் மைத்துனர் பையன் சம்பளத்தை மகள் வாங்குவதாக நினைத்துப் பாருங்கள். பிஎஃப் பிடித்தம் போகக் கையில் 14,500. சென்னையில் மகளிர் விடுதியில் சாப்பாட்டோடு பகிர்ந்த அறை 7,500, பஸ்ஸும் போனும் 2,500. மீதி 4,500. தவணையோ 13,300. குறைகிற 8,800 யார் கையிலிருந்து போகும்? உரக்கடைச் சம்பளத்திலிருந்து. அதாவது மகள் வேலைக்குப் போன பிறகும் நீங்கள் மாதம் 8,800 அனுப்ப வேண்டியிருக்கும்.

கல்லூரி சொல்லும் 30,000 யாருக்குமே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடனை அதிகபட்சச் சம்பளத்தை வைத்து வாங்கக்கூடாது. அச்சுப் பத்திரிகை ஊழியர்களுக்கு மஜீதியா ஊதியக் குழு பரிந்துரைத்த சம்பளம் 2011-இல் அறிவிக்கப்பட்டது, 2014-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அது தொலைக்காட்சிக்குப் பொருந்தாது. நாளிதழிலும் ஒப்பந்த அடிப்படையில் சேர்பவர்கள் அதை நம்பி வீட்டுக் கணக்குப் போட முடியாது.

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச்சலுகை உண்டே என்று யாராவது சொல்வார்கள். அது பழைய வரி முறையில்தான். 16,000 சம்பளத்துக்கு வரியே வராது, அப்புறம் சலுகை எதற்கு?

இந்தத் தொழிலில் ஒரு நல்ல விஷயம் உண்டு. டாக்டர், வக்கீல் மாதிரி இந்தப் பட்டம் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்ற சட்டம் இல்லை. செய்தி ஆசிரியர் ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்ப்பார், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கச் சொல்வார். நெல்லைக்கும் இந்தத் தொழில் புதிதல்ல. திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957-இல் இடம்பெயர்ந்து வந்தது இங்கேதான். அதனால் பட்டத்தை மலிவாக வாங்குங்கள், செலவைக் கடைசி வருடத்துக்கு ஒதுக்குங்கள்.

பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் தமிழோ ஆங்கிலமோ பொருளியலோ படிக்கட்டும். பொருளியல் என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம். பட்ஜெட்டைப் படித்துப் புரிந்து எழுதத் தெரிந்த நிருபருக்கு எங்கும் மதிப்புண்டு. வீரவநல்லூரிலிருந்து செங்கோட்டை லைன் ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்தால் போக்குவரத்து பெரிய செலவே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். விடுமுறையில் உள்ளூர் நிருபரோடு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போய் உட்காரட்டும், எழுதியதை எல்லாம் சேர்த்து வைக்கட்டும்.

நீங்கள் அந்த 3,000 ரூபாயை வங்கி ஆர்.டி.யில் போடுங்கள். 6.5 சதவீதத்தில் மூன்று வருடத்தில் 1.19 லட்சம் சேரும். பிறகு அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கலாம். கடனே தேவைப்படாமல் போகலாம். சென்னைதான் என்றால், மொத்தச் செலவு 3 லட்சத்துக்குள் அடங்கும் ஒரு வருட டிப்ளமோவாகப் பாருங்கள். ஆர்.டி.யில் சேர்ந்தது போகக் கடன் 1.8 லட்சம் போதும். ஏழு வருடத் தவணை சுமார் 3,700. மகள் கையில் மிஞ்சும் அந்த 4,500-க்குள் அடங்கிவிடும், நெருக்கடிதான், ஆனால் உங்களிடம் கை நீட்ட வேண்டாம்.

மகள் அந்தக் கல்லூரிதான் வேண்டும் என்று நின்றால், சேருமுன் ஒன்று செய்யுங்கள். போன வருடம் முடித்தவர்களில் ஐந்து பேரின் போன் நம்பரைக் கல்லூரியில் கேளுங்கள். விளம்பரத்தில் படம் வந்த ஐந்து பேர் வேண்டாம், வருகைப் பதிவேட்டில் முதல் ஐந்து பெயர். மகளையே பேசச் சொல்லுங்கள். எங்கே வேலை, கைக்கு எவ்வளவு வருகிறது, மாசக் கடைசியில் வீட்டுக்குப் போன் போடுகிறீர்களா என்று அவளே கேட்கட்டும்.