பயணிகள் ரயிலைப் போற்றத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் ஒரு நாளை அறிவிக்க வேண்டுமா? எந்த நாள் பொருந்தும்?

கட்டாயம் அறிவிக்க வேண்டும். நாள் ஜூலை 1. 1856-ல் அன்றுதான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மக்கள் ஏறிப் போகும் ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாய் – தானே ரயில் ஓடிய ஏப்ரல் 16 நாடு முழுமைக்குமான நாள். நமக்கென்று ஒன்று வேண்டுமென்றால் ராயபுரம்தான்.

ரயில்வே மத்திய அரசின் கையில் இருக்கும்போது மாநிலம் எப்படி அறிவிக்கும் என்று சிலர் கேட்பார்கள். ரயில் விடத்தான் மத்திய அரசு வேண்டும். ஒரு நாளைக் கொண்டாட யாருடைய அனுமதியும் வேண்டாம். ஜூலை 18 தமிழ்நாடு நாள், செப்டம்பர் 17 சமூகநீதி நாள் என்றெல்லாம் மாநில அரசே அறிவித்ததுதானே.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயல். செட்டிநாட்டில் ரயில் என்றாலே எல்லோரும் போட் மெயிலைத்தான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனவர்களின் கதை அது, பெருமையான கதைதான். ஆனால் இந்த நாள் பாசஞ்சர் வண்டிக்காக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

காரணம் எங்கள் அப்பத்தா. பட்டுக்கோட்டையில் அவருக்கு ஒரு தங்கை. பஸ் ஏறினால் தலை சுற்றும், ரயிலென்றால் வெற்றிலைப் பெட்டியோடு தனியாகவே கிளம்பிவிடுவார். அகலப் பாதையாக்குவதற்காக 2012-ல் காரைக்குடி – திருவாரூர் மீட்டர் கேஜ் பாதையை மூடினார்கள். பட்டுக்கோட்டை வரை பாதை திறக்க 2018 ஆனது, திருவாரூர் வரை 2019. இடைப்பட்ட வருடங்களில் அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பாதை திறந்தபோது அப்பத்தா இல்லை. அந்த ஆறு வருடத்தை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

திரும்ப வந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில்வே கேட்டுகளுக்கு ஆள் போதாததால் கேட் கீப்பர்கள் வண்டியிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி ஓடிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி கடந்து மறுபடி நிற்கும், இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார். திருவாரூர் போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயிலில் இப்படி ஏறி இறங்கி அந்த வண்டியை ஓட வைத்தவர்களை மேடையேற்றிச் சால்வை போர்த்த ஒரு நாள் வேண்டாமா? அதை எழும்பூரில் நடத்தாமல் செட்டிநாடு, கல்லல், கண்டனூர் – புதுவயல் மாதிரி நிலையங்களில் நடத்த வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை அடுத்த நிலையம் வரை கூட்டிப் போய் வரலாம். கொரோனாவுக்குப் பிறகு 30 ரூபாயான குறைந்தபட்சக் கட்டணம் 2024-ல்தான் பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுக்க எந்தப் பள்ளிக்கும் கஷ்டம் இருக்காது.

அப்புறம், விழாவோடு விட்டுவிடக் கூடாது. தேவகோட்டை ரஸ்தா நிலையத்தில் இறங்கினால் தேவகோட்டை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. செட்டிநாடு நிலையத்தில் இறங்கிக் கானாடுகாத்தான் அரண்மனை பார்க்க வருகிறவர்களும் ஆட்டோவைத் தேட வேண்டியிருக்கிறது. ரயில் நேரத்துக்கு டவுன் பஸ் விடுவது முழுக்க மாநில அரசின் கையில் இருக்கும் வேலை. ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் இந்த வருடம் எந்தெந்த நிலையத்துக்குப் புதிதாகப் பஸ் வருகிறது என்று மாவட்டவாரியாக அறிவிக்கட்டும். எங்கள் மாவட்டத்தில் ரஸ்தாவிலிருந்து தொடங்கலாம்.