திக்கெம் தோட்டம் ஏன் கைமாறியது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

பிரெஞ்சுப் புரட்சி பற்றிய உங்கள் கட்டுரையில் ஷத்தோ திக்கெம் என்ற ஒயின் தோட்டத்தைப் பற்றி ஒரு வரி வருகிறது. நானூறு வருடம் ஒரே குடும்பத்திடம் இருந்தது, 1990-களில் கைமாறியது என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேயே மனசு நின்றுவிட்டது. புரட்சியையும் இரண்டு உலகப் போர்களையும் தாண்டி வந்த குடும்பம், எந்தத் தொந்தரவும் இல்லாத காலத்தில் ஏன் விற்றது? பணத்தாசையா? அண்ணன் தம்பி தகராறு என்று எங்கோ படித்தேன். அந்தக் குடும்பம் இப்போது என்ன செய்கிறது? எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. கேள்வி குடும்பத்தைப் பற்றியதுதான்.

எம்., நாமக்கல்

அன்புள்ள எம்.,

அண்ணன் தம்பி தகராறு நடந்தது உண்மை. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் விற்றவர்களைத் திட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

தோட்டம் இருப்பது பிரான்ஸின் போர்தோ நகரத்துக்குத் தென்கிழக்கே, சொத்தெர்ன் என்ற ஊர்ப்பக்கம். 1593-ல் ழாக் சொவாஜ் என்ற உள்ளூர்க்காரருக்கு அந்த நிலத்தின் அனுபோக உரிமை கிடைத்தது. 1711-ல்தான் அவர் வம்சத்துக்கு முழு உரிமை வந்தது. 1785-ல் அந்த வீட்டுப் பெண் ஜோசஃபின், லுர்-சலூஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிரபுவை மணந்தார். மாப்பிள்ளை பதினைந்தாம் லூயி மன்னரின் ஞானப்பிள்ளை, குதிரைப்படை அதிகாரி. மூன்றே வருடத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். 1788-ல் கைக்குழந்தையோடு நின்ற ஜோசஃபினுக்கு வயது இருபதுதான். அடுத்த வருடம் புரட்சி வந்தது.

நானூறு வருடம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஒரு பெயர் முடிந்து இன்னொரு பெயர் வந்திருக்கிறது, அதுவும் ஒரு மகள் வழியாக. புரட்சிக் காலத்தில் ஜோசஃபின் இரண்டு முறை சிறைக்குப் போனார். பிரபுக்களின் சொத்துகள் பறிபோன காலம் அது. அவர் தோட்டத்தை விடவில்லை. 1826-ல் ஒயினை வைத்துப் பாதுகாக்கத் தனிக் கிடங்கு கட்டினார். மகன் அவருக்கு முன்பே இறந்துவிட, 1851-ல் அவர் கண்மூடிய பிறகு பேரன் ரொமேன்-பெர்த்ரான் பொறுப்புக்கு வந்தார். நான்கே வருடத்தில், 1855-ல், பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரவரிசைப்படுத்தினார்கள். இனிப்பு ஒயின்களில் முதல் தரத்துக்கும் மேலே ஒரு படி போட்டு, அதில் திக்கெமை மட்டும் வைத்தார்கள். பட்டியலில் பெயர் வந்தது பேரன் காலத்தில்தான். ஆனால் அந்த இடம் பாட்டி சம்பாதித்தது என்பேன். இந்தக் குடும்ப வரலாற்றில் நான் எழுந்து நின்று வணங்கும் ஆள் அவர்தான்.

அவர் காப்பாற்றியது என்ன என்று தெரிய, அங்கே அறுவடை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். சிரோன் என்ற சிறு ஆறு குளிர்ந்த தண்ணீரோடு வந்து கரோன் நதியில் கலக்கிறது. அதனால் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும்புகிறது. மதியம் வெயில் அடித்துப் பனி கலைந்துவிடும். இந்த ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும்போது பழத்தில் போட்ரைடிஸ் என்ற பூஞ்சை பிடிக்கிறது. அது தோலில் நுண்ணிய துளைகள் போட, பழத்தின் தண்ணீர் ஆவியாகி இனிப்பும் மணமும் உள்ளே செறிந்துவிடும். ஒரே குலையில் சில பழங்கள் பொன்னிறத்தில் திரண்டிருக்கும், சில ஊதாவும் பழுப்புமாக மாறிக்கொண்டிருக்கும், சில சாம்பல் பூத்துச் சுருங்கிக் கிடக்கும். பறிக்கிறவர் சுருங்கியதை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு மற்றதைக் கொடியிலேயே விட வேண்டும். சில நாள் கழித்து அதே கொடிக்கு மறுபடி வருவார். இப்படி ஐந்தாறு சுற்று, சில வருடம் நவம்பர் வரைக்கும் போகும். இடையில் மழை பிடித்துக்கொண்டால் மிச்சமிருப்பது வெறும் அழுகலாகிவிடும். சொத்தெர்ன் வட்டாரத்தில் ஹெக்டேருக்கு 2,500 லிட்டர் வரை எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. திக்கெமில் சராசரியாக வருவது சுமார் 900 லிட்டர். ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் என்பது அங்கே சொல்லும் கணக்கு.

அப்புறம், வருடம் சரியில்லை என்றால் திக்கெம் என்ற பெயரில் ஒயினே வெளியிட மாட்டார்கள். 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992 ஆகிய வருடங்களில் ஒரு பாட்டில்கூட இல்லை. பன்னிரண்டு மாதம் சம்பளம் கொடுத்து, உழுது, கொடி வெட்டி, பல சுற்று பறித்து, புளிக்கவைத்து, ருசி பார்த்துவிட்டு, இது நம் பெயருக்குத் தகாது என்று மொத்தத்தையும் பெயரில்லாமல் தள்ளிவிடுவது. இதைச் செய்ய இரண்டு வேண்டும்: நஷ்டத்தைத் தாங்கும் சக்தி, கூடவே இருபது வருடம் தாண்டி யோசிக்கும் மனசு. 1972-க்கும் 1974-க்கும் நடுவே போர்தோ ஒயின் சந்தையே சரிந்தது. இனிப்பு ஒயினுக்கு மவுசும் குறைந்திருந்தது. அந்த நேரத்தில் தோட்டத்தை நடத்தியவர் அலெக்சாந்த்ர் த லுர்-சலூஸ். அவருடைய சித்தப்பாவோ பெரியப்பாவோ, மார்க்கி பெர்த்ரான் (மார்க்கி என்பது பிரபுப் பட்டம்), பிள்ளையில்லாதவர். முதல் உலகப் போரில் சண்டை போட்டவர், அந்தப் போரின்போது தோட்டத்து மாளிகை ராணுவ மருத்துவமனையாக இருந்தது. 1968-ல் அவர் இறந்த பிறகு பொறுப்பு அலெக்சாந்த்ரிடம் வந்தது.

இனி உங்கள் கேள்வி. விஷயம் பிரெஞ்சு வாரிசுச் சட்டத்தில் இருக்கிறது. மூத்த மகனுக்கே எல்லாம் என்ற பழைய வழக்கத்தைப் புரட்சி ஒழித்தது. 1804-ல் நெப்போலியனின் சிவில் சட்டம் அதை உறுதியாக்கியது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கும், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நான்கில் மூன்று பங்கும் அவர்களுக்குச் சமமாகப் போயே தீர வேண்டும். மிச்சத்தைத்தான் பெற்றவர் இஷ்டப்படி எழுதிவைக்கலாம். நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். மகளுக்கும் கடைக்குட்டிக்கும் அது நியாயம் செய்கிறது.

ஆனால் திராட்சைத் தோட்டத்தில் அது வேறு மாதிரி வேலை செய்யும். பிரான்ஸின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியில் க்ளோ த வூஜோ என்ற இடம், சிஸ்டர்சியக் கிறிஸ்தவத் துறவிகள் மதில் கட்டி வளைத்த ஐம்பது ஹெக்டேர் நிலம். 1889 வரை ஒரே உரிமையில் இருந்தது. இன்று அந்த மதிலுக்குள் எண்பது பேர் அளவில் உரிமையாளர்கள், சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான். போர்தோவில் வேறு வழி பிடித்தார்கள். நிலத்தை வெட்டாமல் கம்பெனியாக்கி, பங்குகளை வாரிசுகளுக்குப் பிரித்தார்கள். நிலம் பிழைத்தது. ஆனால் பங்கு என்பது காகிதம். அது யார் கைக்கும் போகலாம், தோட்டத்தில் ஒருநாளும் கால் வைக்காதவர் கைக்கும்.

திக்கெமில் நடந்தது இதுதான். அலெக்சாந்த்ர் நிர்வாகி, ஆனால் அவருடைய சொந்தப் பங்கு சிறியது. பெரிய பங்கு அண்ணனிடமும் மற்ற உறவினர்களிடமும் இருந்தது. 1996 இறுதியில் பெர்னார் அர்னோ என்ற தொழிலதிபரின் எல்.வி.எம்.எச். என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனம் அவர்களிடமிருந்து பாதிக்கு மேற்பட்ட பங்குகளை வாங்கியது. அலெக்சாந்த்ர் நீதிமன்றம் போனார். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்து, 1999-ல் சமரசமானது. 2004 வரை அவரே நிர்வாகியாக நீடித்தார். பிறகு பியேர் லுர்த்தோன் வந்தார்.

விற்றவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகப் புகழ்பெற்ற தோட்டத்தில் பங்கு வைத்திருப்பவருக்குக் காகிதத்தில் பெரிய சொத்து, கைக்கு வருவது அதற்கேற்ற அளவு இருக்காது. ஒவ்வொரு சாவுக்கும் வாரிசு வரி அந்தக் காகித மதிப்பின் மேல்தான் விழும். மோசமான வருடத்தில் ஒயினே போடுவதில்லை என்ற கௌரவத்தின் விலையையும் பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்துதான் கொடுக்கிறார்கள். பாராட்டு மட்டும் நிர்வாகிக்குப் போகும். அதே சமயம், முப்பது வருடம் அந்த மண்ணிலேயே கிடந்தவரின் உழைப்புக்குப் பங்குக் கணக்கில் இடமே இல்லாமல் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது. சட்டம் ரத்தத்தை அளந்தது, உழைப்பை அளக்கவில்லை. இந்த இரண்டு பக்கத்தில் ஒன்றை மட்டும் நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

புது முதலாளி வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்ற பயம் அப்போது பலருக்கு இருந்தது. 2012-ல் பழம் சரியாக வரவில்லை. அந்த வருட ஒயின் இல்லை என்று நிறுவனம் அறிவித்தது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் அந்தப் பழைய வழக்கத்தைக் காத்ததை நான் மதிக்கிறேன்.

குடும்பம் எங்கேயும் போய்விடவில்லை. சில கிலோமீட்டர் தள்ளி ஃபார்க் என்ற இடத்தில் அவர்களுக்கு ஒரு கோட்டை உண்டு. 1472 முதல் லுர் குடும்பத்துடையது, அதாவது திக்கெமைவிடப் பழைய சொத்து. 1687-ல் தீப்பிடித்து எரிந்தது, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அதைச் சுற்றி 1930-களில் மார்க்கி பெர்த்ரான் இனிப்பு ஒயினுக்கான வெள்ளைத் திராட்சை நட்டார், முதல் ஒயின் 1943-ல் வந்தது. திக்கெமை விட்ட பிறகு அலெக்சாந்த்ர் முழு நேரமும் அங்கேதான் இருந்தார். 2023-ல் காலமானார். இப்போது மகன் ஃபிலிப் நடத்துகிறார். அங்கேயும் சுருங்கிய பழத்தை மட்டும் எடுத்துப் பல சுற்றாகத்தான் பறிக்கிறார்கள்.