பந்து பிடிக்கிற பையன் கோச் ஆகலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் பதினெட்டு வருடமாக நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி பேஸ்பால் அணியில் கேட்சர். பேட்டிங் சுமார்தான். இந்த சீசனில் பாதி ஆட்டங்களுக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அங்கேயும் ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தான். போன மாதம் சாப்பிடும்போது, "நான் பெரிய பிளேயர் ஆக மாட்டேன், எனக்கே தெரியும். காலேஜ் வரைக்கும் கேட்சராக ஆடிவிட்டு கோச் ஆகப்போகிறேன்" என்றான். அவன் அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "ஆடத் தெரியாதவன் ஊருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறானாம்!" அதோடு சரி, இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு அவன் முழங்காலைப் பற்றி வேறு கவலை. மாமியார் கும்பகோணத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம் "பேரன் என்ன படிக்கப்போகிறான்?" என்கிறார். இதெல்லாம் ஒரு வேலையா அக்கா?
– ஓர் அம்மா, எடிசன்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்த நோட்டு. பெஞ்சில் உட்கார வைத்தால் பதினைந்து வயதுப் பையன் என்ன செய்வான்? சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்புவான், இல்லாவிட்டால் கோபத்தில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வான். உங்கள் பிள்ளை எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்கவில்லை போலிருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எனக்கு பேஸ்பால் தெரியுமா என்று நினைப்பீர்கள். என் அண்ணன் செயின்ட் லூயிஸில் இருந்தான். அவன் வீட்டில் மூன்று கோடைக்காலம் தங்கியதில், சாயங்காலமானால் டி.வி.யில் வேறு எதுவும் பார்க்க முடியாத நிலைமை. முதலில் தலைவலியாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது.

கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர் மாதிரி என்றுதான் அண்ணன் எனக்குச் சொன்னான். அது பாதிதான் சரி. எந்தப் பந்து போடவேண்டும் என்று பவுலருக்கு ஒவ்வொரு பந்துக்கும் விக்கெட் கீப்பர் சொல்லுவதில்லை. கேட்சர் சொல்லுகிறார். தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டி (பெரிய லீகில் 2022 முதல் பெரும்பாலும் மின்னணுக் கருவியில் பொத்தானை அழுத்தி), வேகமா, வளைவா, உள்ளேயா, வெளியேயா என்று கேட்டு வாங்குகிறார். ஓர் ஆட்டத்தில் இப்படி நூறு தடவைக்கு மேல். மற்ற எட்டுப் பேரும் அவரைப் பார்த்து நிற்கிறார்கள். அவர் ஒருவர் மட்டும் மைதானம் முழுவதையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பந்து எறிகிற பிட்ச்சருக்குக் கை தளர்ந்தால் முதலில் தெரிவது அவருக்கு. பயந்துவிட்டால் நடந்துபோய் தோளில் தட்டி நாலு வார்த்தை பேசிவிட்டு வருவதும் அவர்தான். இந்த வேலையைத்தான் நாளைக்குச் சம்பளம் கொடுத்து கோச்சிடம் வாங்குகிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் பேஸ்பால் அணிகளின் மேனேஜர், கோச் பட்டியலை எடுத்தால் பழைய கேட்சர்களாக வந்து விழுகிறார்கள். (அங்கே மேனேஜர்தான் தலைமை, பேட்டிங்குக்கு ஒருவர், பிட்ச்சிங்குக்கு ஒருவர் என்று அவருக்குக் கீழே இருப்பவர்கள் கோச்சுகள்.)

"ஆடத் தெரியாதவன் சொல்லிக்கொடுக்கப் போகிறானாம்" என்றாரே உங்கள் வீட்டுக்காரர், அவருக்கு டேவ் டங்கன் கதையைச் சொல்லுங்கள். 1964-ல் பெரிய லீகுக்கு, அதாவது அமெரிக்காவின் உச்சப் படிக்கு, வந்த கேட்சர். 1972-ல் ஓக்லாந்து அணி வேர்ல்ட் சீரிஸ் என்ற ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரை ஜெயித்தபோது அதில் இருந்தார். ஹோம் ரன்கள் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்திருக்கிறார், ஆனால் மொத்தக் கணக்கைப் பார்த்தால் பேட்டிங் சராசரி .214. அதாவது நூறு வாய்ப்பில் இருபத்தொன்று. மோசம் என்றே சொல்லலாம். ஆட்டத்தை விட்டபின் 1970களின் கடைசியில் கிளீவ்லாந்தில் கோச்சாகத் தொடங்கினார். எதற்குக் கோச்? பிட்ச்சர்களுக்கு! பெரிய லீகில் ஒரு பந்துகூட பிட்ச் செய்யாதவர் அவர்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். டோனி லா ரூஸா என்ற மேனேஜருடன் சிகாகோ, ஓக்லாந்து, செயின்ட் லூயிஸ் என்று சுமார் முப்பது வருடம். டங்கனிடம் இருந்தபோது நான்கு பேர் சை யங் விருது வாங்கினார்கள்; அது ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கான விருது. ஹாய்ட் 1983-ல், வெல்ச் 1990-ல், எக்கர்ஸ்லி 1992-ல், கார்ப்பென்டர் 2005-ல். இவர்களைவிட எனக்குப் பிடித்தது டேவ் ஸ்டுவர்ட் கதை. 1986-ல் ஃபிலடெல்ஃபியா அணி அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. ஓக்லாந்தில் டங்கன் கைக்கு வந்தார். 1987 முதல் 1990 வரை வரிசையாக நான்கு சீசனும் பிட்ச்சராக அவர் கணக்கில் இருபது வெற்றி அல்லது அதற்கு மேல். 1989, 2006, 2011 என்று டங்கன் கோச்சாக இருந்த அணிகள் மூன்று முறை வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தன.

டங்கன் எதற்குப் பேர்போனவர் தெரியுமா? நோட்டுக்கு. எந்த பேட்டர் எந்தப் பந்தை எங்கே அடிக்கிறான் என்று கட்டுக்கட்டாக எழுதி வைத்திருப்பார். கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் விளையாட்டுக்குள் வராத காலத்திலேயே ஆரம்பித்த பழக்கம். உங்கள் பையனின் பெஞ்ச் நோட்டைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

இதையெல்லாம் சொல்லி உங்களை மயக்கப் பார்க்கவில்லை. இந்த வேலையின் மறுபக்கமும் உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்கு யோகி பெர்ராவைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். நியூ ஜெர்சியில் இருப்பதால் பெயரைக் கேட்டிருப்பீர்கள். பல வருடம் உங்கள் மாநிலத்தில் மான்ட்க்ளேரில் குடியிருந்தவர். பிறந்தது 1925-ல் செயின்ட் லூயிஸில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில். அப்பா பியெத்ரோ செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். பந்து விளையாடுவதெல்லாம் ஊர் சுற்றிகளின் வேலை என்பது அவர் கட்சி. மூத்த பிள்ளைகளையும் அப்படித்தான் வேலைக்குத் திருப்பிவிட்டார். யோகியின் முறை வந்தபோது அண்ணன்மார் சேர்ந்து நின்று, "நாங்கள் சம்பாதிக்கிறோம், இவனை விடுங்கள்" என்று அப்பாவிடம் மன்றாடி வாங்கிய அனுமதி அது. இந்த இடத்தை உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம், கோபம் வரும். தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

அந்தப் பெர்ராவும் பிறவிக் கேட்சர் இல்லை. மட்டை பிடித்தால் புலி. கேட்சராக உட்கார்ந்தால் தடுமாற்றம். 1947 வேர்ல்ட் சீரிஸில் எதிரணியான ப்ரூக்ளின்காரர்கள் அவர் கண் முன்னாலேயே பேஸ் பேஸாகத் திருடிக்கொண்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு) ஓடினார்கள். 1949-ல் பெர்ரா ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணி தங்கள் பழைய கேட்சர் பில் டிக்கியைக் கோச்சாகக் கூட்டிவந்து, கால் வைப்பதிலிருந்து எறிவது வரை பெர்ராவுக்கு மறுபடி அரிச்சுவடி போடவைத்தது. பெர்ராவுக்கு வார்த்தை எப்போதும் ஏறுமாறாகத்தான் வரும். டிக்கி தன் அனுபவத்தையெல்லாம் எனக்குக் கற்றுக்கொள்கிறார் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார். கற்றுக்கொடுக்கிறார் என்று சொல்ல வந்தவர்! ஊரே சிரித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை என்று எனக்குத் தோன்றும். அதே டிக்கிதான் பிறகு, யாங்கீஸில் ஆடிய முதல் கறுப்பின வீரரான எல்ஸ்டன் ஹோவர்டையும் கேட்சராக்கினார். டிக்கி, பெர்ரா இருவருமே போட்டது 8-ம் எண் சட்டை. 1972-ல் அந்த எண்ணை இருவர் பெயராலும் ஓய்வு கொடுத்து எடுத்துவைத்தார்கள்.

பெர்ரா ஆடியபோது அவர் அணி பத்து முறை வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. மூன்று முறை லீகின் மிகச் சிறந்த வீரர். இத்தனைக்குப் பிறகு 1964-ல் யாங்கீஸ் மேனேஜர் ஆனார். முதல் வருடமே அணியை வேர்ல்ட் சீரிஸுக்குக் கொண்டுபோய், ஏழாவது ஆட்டத்தில் தோற்றார். உடனே வேலை போயிற்று. பிறகு நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸில் கோச். அங்கே மேனேஜராக இருந்த கில் ஹாட்ஜஸ் 1972-ல் திடீரென்று இறந்துபோக, பெர்ரா மேனேஜர் ஆனார். 1973-ல் மறுபடி வேர்ல்ட் சீரிஸ், மறுபடி ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 1975-ல் அங்கேயும் அனுப்பினார்கள். யாங்கீஸுக்கே திரும்பிவந்து கோச்சாக இருந்து, 1984-ல் மேனேஜர். 1985-ல் சீசன் தொடங்கிப் பதினாறே ஆட்டத்தில் நீக்கினார்கள். முதலாளி ஸ்டைன்ப்ரென்னர் தானே வந்து சொல்லாமல் வேறு ஆளை அனுப்பிச் சொன்னார். அந்த அவமானத்தில் பதினான்கு வருடம் பெர்ரா யாங்கீஸ் மைதானத்தில் கால் வைக்கவில்லை.

ஆக, வேலை நிரந்தரமா என்று கேட்டால், இல்லை. உலகப் புகழ் பெற்றவரையே மூன்று தடவை வெளியே அனுப்பிய தொழில் இது.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மேலே வருகிறவர்கள் முதலில் மைனர் லீக் எனப்படும் கீழ்ப்படிகளில் வருடக்கணக்கில் கிடக்கவேண்டும். அங்கே மேல் படியான டிரிபிள்-ஏ வீரருக்கே 2023 வரை வருடத்துக்கு 17,500 டாலர்தான். அந்த வருடம் சங்கம் வைத்துப் பேசி 35,800 ஆக்கினார்கள். எடிசன் வாடகைக்கு இது எம்மாத்திரம் என்று உங்களுக்குத் தெரியும். கோச்சுகளும் பெரும்பாலும் இந்த ஏணியின் அடியில்தான் தொடங்குகிறார்கள். ப்ரூஸ் போச்சி என்று ஒருவர். கேட்சர், அதுவும் மாற்று ஆள். பெரிய லீகில் மொத்தம் 358 ஆட்டம்தான். 1989-ல் ஸ்போகேன் என்ற சின்ன ஊர் அணியில் மேனேஜராக ஆரம்பித்து, 1995-ல் சான் டியேகோவில் பெரிய லீக் மேனேஜர் ஆனார். நான்கு வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார், கடைசியாக 2023-ல். ஸ்போகேனோடு நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் நம் காதுக்கு வருவதில்லை.

அதனால் படிப்பு கட்டாயம். அதை நீங்கள் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கேட்சர்கள் மாட்டிக்கொள்ளும் முகமூடி, மார்புக் கவசம் எல்லாவற்றுக்கும் அமெரிக்காவில் "அறியாமையின் கருவிகள்" என்று ஒரு கிண்டல் பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவர் மடி ரூல் என்று சொல்லுவார்கள். அவர் யார்? சட்டம் படித்து வக்கீலான கேட்சர்! 1924-ல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த வாஷிங்டன் அணியில் ஆடி, பிறகு சிகாகோவில் பல வருடம் கோச்சாக இருந்தார். புத்தகமும் கையுறையும் ஒரே பையில் இருக்கலாம். இன்றைக்கு அணிகளில் புள்ளியியல் தெரிந்த கோச்சுகளுக்கு நல்ல மதிப்பு. உங்கள் மகனுக்குக் கணக்கு வருமென்றால் அந்தப் பக்கமாகக் கல்லூரியில் சேரட்டும். அப்பாவுக்கும் ஒரு தெம்பாக இருக்கும்.

முழங்கால் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். இப்போது பெரிய லீக் கேட்சர்களே ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்காருகிறார்கள், பழைய மாதிரி முழுக் குந்தல் குறைந்துவிட்டது. இதைப் பள்ளிக் கோச்சிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்சராக ஆடுகிற பையனையே பிட்ச் செய்யவும் விடக்கூடாது, தோள்பட்டை தாங்காது. நான் முழங்காலைவிடப் பயப்படுவது தலைக்குத்தான். மட்டையில் உரசிய பந்து முகமூடியில் வந்து மோதி மோதியே மைக் மத்தீனி என்ற அருமையான கேட்சர் ஆட்டத்தை விடவேண்டி வந்தது. சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருதை நான்கு முறை வாங்கியவர். பந்து முகத்தில் பட்டபின் தலைசுற்றல், மந்தம் என்று பையன் சொன்னால், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, நேராக டாக்டர். இதில் பேச்சுக்கே இடமில்லை.

அந்த மத்தீனி பிறகு என்ன செய்தார் என்பது உங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்துகிறது. செயின்ட் லூயிஸில் சின்னப் பையன்கள் அணி ஒன்றுக்குக் கோச்சாக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒத்துக்கொள்ளும் முன் பெற்றோர்களுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: சிறுவர் விளையாட்டில் பெரிய தொல்லையே பெற்றோர்கள், வந்து உட்காருங்கள், கத்தாதீர்கள், பையனிடம் எதுவும் சொல்லாதீர்கள். அந்தக் கடிதம் நாடு முழுக்கப் பரவியது. எங்கும் மேனேஜராக இருந்த அனுபவமே இல்லாமல் 2012-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மேனேஜராகி, அடுத்த வருடமே அணியை வேர்ல்ட் சீரிஸுக்குக் கொண்டுபோனார். 2018-ல் அவரையும் நீக்கினார்கள், அது வேறு விஷயம்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. அடுத்த ஆட்டத்துக்கு வீட்டுக்காரரை எப்படியாவது கிளப்பிக் கூட்டிப்போங்கள். பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் பையனுக்குத் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும். வாயைத் திறக்கக்கூடாது. திரும்பி வரும்போது காரில் ஒரே ஒரு கேள்வி: "அந்த இடத்தில் ஏன் அந்தப் பந்தைக் கேட்டாய்?" பையன் பெஞ்சிலேயே இருந்தால், "நோட்டில் என்ன எழுதினாய்?" அவன் பதில் இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், யோசிப்போம். வீடு வந்தும் காரை விட்டு இறங்காமல் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு எழுதவேண்டிய அவசியமே இருக்காது.

கோடையில் ஏதாவது ஒரு சமயம் கோச் வேலையைத் தொட்டுப் பார்க்கட்டும். உங்கள் ஊரிலேயே சின்னப் பிள்ளைகளின் அணிகள் இருக்கும், உதவிக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஒரு மாதம் மேய்த்துவிட்டு அப்புறமும் கோச் ஆகவேண்டும் என்றால், பையன் நிஜமாகத்தான் சொல்லுகிறான்.

லிட்டில் ஃபால்ஸில், மான்ட்க்ளேர் பல்கலைக்கழக வளாகத்தில் யோகி பெர்ராவின் அருங்காட்சியகம் இருக்கிறது; காரில் போய் வரக்கூடிய தூரம்தான். 1999-ல் ஸ்டைன்ப்ரென்னர் நேரில் வந்து பெர்ராவிடம் மன்னிப்புக் கேட்டது அங்கேதான். அப்பாவையும் மகனையும் தனியாக அனுப்புங்கள், நீங்கள் போகவேண்டாம்.

கும்பகோணத்துக்கு என்ன சொல்வது என்றுதானே? தோனி நின்ற இடத்தில்தான் உங்கள் பேரன் உட்காருகிறான் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதத்துக்குத் தாங்கும்.